நோயும் மருந்தும் பேசும் பழைய ஆங்கிலக் கவிதைகளைப் படிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

ஷேக்ஸ்பியர், டன், ஹெர்பர்ட், மில்டன் என்று 16, 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதைகளைப் பாடத்துக்காகவோ ஆசைக்காகவோ படிக்கிறவர்கள் ஓர் இடத்தில் கட்டாயம் இடறுவார்கள். காதல் கவிதை என்று திறந்தால் உள்ளே காய்ச்சல், பேதி மருந்து, சீழ்ப்புண், கோபித்துக்கொண்டு போகும் வைத்தியர். கைடு புத்தகங்கள் "இது நோய் உருவகம்" என்று ஒரு வரியில் முடித்துவிடும். அதை எழுதி மதிப்பெண் வாங்கலாம். கவிதை மட்டும் பிடிபடாது.

நான் பரிந்துரைக்கும் வழி வேறு. உருவகம் என்ற எண்ணத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவிட்டு, கவிதையில் வரும் நோயை நிஜமான நோயாகவும் மருந்தை நிஜமான மருந்தாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நோய் எப்படி வரும் என்று அன்றைக்கு நம்பினார்கள், வைத்தியர் என்ன செய்வார், நோயாளி எங்கே தப்பு பண்ணுவார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கவிதையின் வாதமே அந்த வைத்திய முறையின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது என்பது அப்புறம் தானாகத் தெரியும்.

படி 1: அன்றைய உடம்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

அந்தக் கவிஞர்களின் உடம்பு நம்முடையது இல்லை. கிரேக்க வைத்தியர் கேலனின் கொள்கைப்படி உடம்பில் நான்கு நீர்கள் ஓடின: இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம். இரத்தத்துக்குச் சூடும் ஈரமும், கபத்துக்குக் குளிர்ச்சியும் ஈரமும், மஞ்சள் பித்தத்துக்குச் சூடும் வறட்சியும், கரும்பித்தத்துக்குக் குளிர்ச்சியும் வறட்சியும் குணம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூதம் உண்டு: முறையே காற்று, நீர், நெருப்பு, மண். கலவை சரியாக இருந்தால் ஆரோக்கியம், ஒன்று மிஞ்சினால் நோய். ‘மெலங்கலி’ என்ற மனச்சோர்வுக்கு அந்தப் பெயரே கரும்பித்தத்திலிருந்துதான் வந்தது.

வாதம், பித்தம், கபம் என்று கேட்டே வளர்ந்த நமக்கு இது சுலபம். அதுவே ஆபத்தும்கூட. "மிகினும் குறையினும் நோய்செய்யும்" என்ற குறளின் தர்க்கம் அங்கேயும் செல்லும்தான். ஆனால் நம் கணக்கில் மூன்று, அவர்கள் கணக்கில் நான்கு. நம்முடைய வாதத்துக்கு அங்கே இடமில்லை, அவர்களுடைய பட்டியலில் இரத்தமே ஒரு தனி நீர். அதை இதன்மேல் அப்படியே பொருத்திப் படிக்காதீர்கள்.

இதை வைத்துக்கொண்டு ஷேக்ஸ்பியரின் 44, 45-ஆம் சானெட்டுகளை (பதினான்கு வரிக் கவிதைகள்) சேர்த்துப் படியுங்கள். பேசுகிறவனின் எண்ணம் காற்று, ஆசை நெருப்பு. இரண்டும் தூரத்தில் இருக்கும் நண்பனிடம் தூது போய்விட்டன. நான்கால் ஆன உயிர் மிச்சமிருக்கும் இரண்டை, மண்ணையும் நீரையும், வைத்துக்கொண்டு மெலங்கலியின் பாரத்தில் சாவை நோக்கி அமிழ்கிறது. பிரிவாற்றாமையை இவன் ஒரு வைத்தியர் ஒத்துக்கொள்ளும் கணக்காகவே போட்டுக் காட்டுகிறான். லேசான இரண்டும் போனால் கனமான இரண்டுதானே மிஞ்சும்? தூது போனவை நண்பனின் உடல்நலச் செய்தியோடு திரும்பினால் கலவை சரியாகிறது. அந்த மகிழ்ச்சியும் நிலைப்பதில்லை. உடனே திருப்பி அனுப்பிவிட்டு மறுபடியும் சோர்கிறான்.

ஜான் டன்னின் "தி குட் மாரோ" கடைசியில், சமமாகக் கலக்காததுதான் சாகும் என்று ஒரு வரி வருகிறது. இதுவும் அதே கணக்குதான். நம் இருவர் காதலும் சரிசமமாகக் கலந்திருந்தால் அதற்குச் சாவே இல்லை என்று காதலியிடம் வாதாடுகிறான்.

இன்னொன்று, ‘ஸ்பிரிட்’. இரத்தத்திலிருந்து உண்டாகி உடம்புக்கும் ஆன்மாவுக்கும் இடையே வேலை செய்யும் மெல்லிய ஆவிகளுக்கு வைத்தியர்கள் வைத்த பெயர் அது. டன்னின் "தி எக்ஸ்டசி" கவிதையில் இரத்தம் பாடுபட்டு ஸ்பிரிட்டுகளைப் பெற்றெடுக்கிறது. மனிதனை மனிதனாக்கும் அந்த நுட்பமான முடிச்சைப் போட அப்படிப்பட்ட விரல்கள் வேண்டும் என்கிறார். அது அன்றைய உடலியல் பாடம். ஆவி, பேய் என்று எடுத்துக்கொண்டால் கவிதை கைநழுவிவிடும்.

படி 2: யார் யார் வைத்தியம் பார்த்தார்கள்?

இதைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் போதும். லத்தீன் படித்த பிசிஷியன் மேலே. லண்டனில் அவர்களுடைய கல்லூரி 1518-ல் தொடங்கியது. கத்தி வைக்கும் வேலை சர்ஜனுடையது. சர்ஜன்களும் சவரத் தொழிலாளர்களும் 1540-ல் ஒரே சங்கமானார்கள். மருந்து கலக்கிறவர் அபாதிகரி, அவர்களுக்கு 1617-ல் தனிச் சங்கம் கிடைத்தது. ‘பிசிக்’ என்று கவிதையில் வந்தால் அது மருத்துவம், மருந்து. இயற்பியல் இல்லை.

கவிஞர்களுக்கு இதெல்லாம் எட்டாத உலகமும் இல்லை. டன்னின் மாற்றாந்தந்தை ஜான் சிமிங்ஸ் லண்டன் கல்லூரியின் தலைவராக இருந்த பிசிஷியன். தாமஸ் கேம்பியன், தாமஸ் லாட்ஜ் இருவரும் மருத்துவப் பட்டம் வாங்கிய கவிஞர்கள். ஷேக்ஸ்பியரின் மூத்த மகள் சுசான்னா 1607-ல் மணந்த ஜான் ஹால், ஸ்ட்ராட்ஃபர்டில் வைத்தியர். அவருடைய நோயாளிக் குறிப்புகள் 1657-ல் அச்சாயின. முறைக்காய்ச்சலில் படுத்த கவிஞர் மைக்கேல் டிரேட்டனுக்கு வாந்தி மருந்தை வயலட் பூ சர்பத்தில் கலந்து கொடுத்த விவரமும் அதில் இருக்கிறது. சானெட்டில் காய்ச்சலைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு நிஜத்தில் இப்படித்தான் வைத்தியம் நடந்தது.

படி 3: எந்த நோய் என்று கண்டுபிடியுங்கள்

"நோய்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். எந்த நோய்? அதில் எந்தக் கட்டம்?

‘ஏக்யூ’ என்றால் விட்டுவிட்டு வரும் முறைக்காய்ச்சல். அதில் பெரும்பகுதி இன்றைக்கு மலேரியா என்கிறோமே, அதுதான். தினமும், ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டுநாள் விட்டு என்று முறைகளுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. முதலில் பல் கிட்டும் குளிர், அப்புறம் கொதிக்கும் சூடு. பெட்ரார்க்கின் இத்தாலியக் கவிதையை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த தாமஸ் வயட், எரிகிறேன், பனியாய் உறைகிறேன் என்று எழுதுகிறார். அது அழகுக்குச் சொன்ன முரண் என்று மட்டும் நினைக்கத் தோன்றும். காய்ச்சல் முறையில் கிடந்த வாசகனுக்கோ அது உடம்பு அறிந்த அனுபவம். அப்படிப் படித்தால் இன்னொரு கேள்வியும் எழும்: முறைக்காய்ச்சல் விட்டு விட்டுத்தான் வரும், அப்படியானால் இந்தக் காதலுக்கு இடைவெளி நாள் உண்டா?

மேகநோய் (சிபிலிஸ் என்ற பால்வினை நோய்) வரும் இடங்களில் கவிஞர்கள் பெரும்பாலும் நேரடியாகச் சொல்லமாட்டார்கள். மொட்டைத்தலை, வெந்நீர்த் தொட்டி, வியர்வை என்று சாடையாக வரும். ஷேக்ஸ்பியரின் கடைசி இரண்டு சானெட்டுகளில் மன்மதனின் தீவட்டி பட்டுச் சூடேறிய நீரூற்றில் நோயாளிகள் குளிக்கிறார்கள். பலர் அதில் மேகநோய்க்கான வெந்நீர்ச் சிகிச்சையைப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்ப்பது சரி என்றே எனக்கும் படுகிறது.

கொள்ளைநோய்க்குக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1603-ல் லண்டனில் மட்டும் சுமார் 30,000 பேர் பிளேக்கில் செத்தார்கள். பென் ஜான்சனின் ஏழு வயது மகனும் அந்த வருஷம் போனவன்தான். நோய் கண்ட வீட்டை ஆட்களோடு சேர்த்து அடைத்துவிட்டு, "ஆண்டவரே, எங்கள்மேல் இரங்கும்" என்று கதவில் எழுதி ஒட்டுவார்கள். இப்போது தாமஸ் நாஷின் பாட்டுக்கு வாருங்கள். லண்டனில் பிளேக் இருந்த 1592-ல், நகரத்துக்கு வெளியே குராய்டனில் நடிக்கப்பட்டதாகக் கருதப்படும் நாடகத்தில் வருகிற பாட்டு அது. பணத்தால் ஆரோக்கியம் வாங்க முடியாது, மருத்துவமே மங்கிப்போகும், கிரேக்கக் கதைகளின் பேரழகி ஹெலனின் கண்ணையும் தூசி மூடியது என்று போகிறது. ஒவ்வொரு பத்தியும் இப்படி முடிகிறது: "நான் நோயில் கிடக்கிறேன், சாகத்தான் வேண்டும். ஆண்டவரே, எங்கள்மேல் இரங்கும்." பிரார்த்தனையாக வாசித்தாலே போதும்தான். ஆனால் கேட்டவர்கள் அந்த வாசகத்தைத் தெருவில் கதவுகளில் பார்த்தவர்கள். ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் ஒரு வீட்டை அடைக்கிறார்கள் என்று அவர்கள் காதில் விழுந்திருக்கும்.

அதே வாசகத்தை ஷேக்ஸ்பியர் "லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்" நாடகத்தில் சிரிப்புக்குப் பயன்படுத்துகிறார். காதலில் விழுந்த தன் நண்பர்கள் மூவரைக் காட்டி, இவர்கள்மேல் அந்த வாசகத்தை எழுதுங்கள், உங்கள் கண்களிலிருந்து பிளேக் தொற்றிக்கொண்டது என்று பெண்களிடம் பெரோன் சொல்கிறான். உங்கள்மேலும் ஆண்டவனின் ‘டோக்கன்’ தெரிகிறது என்று சேர்க்கிறான். டோக்கன் என்றால் காதலர் கொடுத்த பரிசு. பிளேக் முற்றி, இனிப் பிழைக்க மாட்டார் என்று காட்டும் தோல் புள்ளிக்கும் அதே பெயர். மேடையில் பெண்கள் நகைகளை அணிந்து நிற்கிறார்கள், அவன் அதைச் சாவுக் குறியாகப் படிக்கிறான். ஊரில் பிணம் விழுந்துகொண்டிருந்த பத்தாண்டில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்!

படி 4: ஒரு கவிதையை வரி வரியாகப் பிரியுங்கள்

பழகுவதற்கு 1609-ல் வெளியான ஷேக்ஸ்பியர் தொகுப்பின் 147-ஆம் சானெட்டைவிட நல்ல கவிதை கிடையாது. பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்: நோயாளி யார், வைத்தியர் யார், பத்தியம் என்ன?

முதல் நான்கு வரிகள்: என் காதல் ஒரு காய்ச்சல், நோயை நீட்டிக்கும் பொருளுக்கே ஏங்குகிறது, நோயைக் காப்பாற்றும் உணவையே தின்கிறது, நோயில் கெட்டுப்போன நாக்கைத் திருப்திப்படுத்தத்தான் இதெல்லாம். இது அப்படியே மருத்துவம். காய்ச்சலில் பசி தாறுமாறாகும், ஆகாததைக் கேட்கும் என்பது வைத்தியர்களுக்குத் தெரிந்த விஷயம். பத்தியம் மீறுகிற நோயாளியைப் பார்த்த எவருக்கும் இந்த வரிகள் விளங்கும்.

அடுத்த நான்கு: அறிவுதான் வைத்தியர். சொன்ன பத்தியத்தை இவன் காக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு அறிவு போய்விட்டது. போன பிறகு, மருத்துவம் தடுத்த அந்த ஆசையே சாவு என்று இவன் பட்டுத் தெரிந்துகொள்கிறான். ஒரு வைத்தியர் இப்படி எழுந்து போவது கவிஞரின் கற்பனை இல்லை. ஆறாது என்று தெரிந்த நோயாளியைத் தொடக்கூடாது என்பது பண்டைய கிரேக்க வைத்தியர் ஹிப்போக்ரட்டஸ் காலத்திலிருந்து வரும் அறிவுரை. ஆக, வைத்தியரின் கோபத்துக்குள் ஒரு தீர்ப்பும் இருக்கிறது: கேஸ் கைவிடப்பட்டது.

ஒன்பதாம் வரியில், தீர்க்க முடியாததற்குக் கவலைப்பட்டு என்ன பயன் என்ற பழமொழியைத் திருப்பிப் போடுகிறார். என் நோய்க்கு இனித் தீர்வில்லை, அறிவுக்கும் இனி என்மேல் அக்கறையில்லை. அப்புறம் நோய் அடுத்த கட்டத்துக்குப் போகிறது. வெறி, ஓயாத புரளல், பைத்தியக்காரன் பேச்சு. காய்ச்சல் தலைக்கேறி ஜன்னி கண்டுவிட்டது.

கடைசி இரண்டு வரிகள்: உன்னை அழகி என்று சத்தியம் செய்தேன், ஒளி என்று நினைத்தேன், நீயோ நரகம்போல் கறுப்பு, இரவுபோல் இருட்டு. வழக்கமான உரை, இங்கே அவனுக்குத் தெளிவு வந்துவிட்டது என்கிறது. நோயை நிஜமாக எடுத்துக்கொண்டு வந்த நமக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது. இரண்டு வரிக்கு முன்னால்தான் தன் பேச்சு உண்மையோடு ஒட்டாத பிதற்றல் என்று இவனே சொன்னான். ஜன்னியில் கிடப்பவன் கொடுக்கும் சாட்சியம் இது. அந்தப் பெண்ணைப் பற்றிய தீர்ப்பாக இதை ஏற்பதா, நோயின் உச்சத்தில் வந்த ஒரு வரியாக எடுப்பதா? கவிதை முடிவு சொல்லவில்லை. இரண்டாவது பக்கம்தான் கனம் அதிகம் என்பது என் எண்ணம்.

இதே முறையில் 118-ஆம் சானெட்டையும் பாருங்கள். நோய் வருமுன்னே தடுக்க, நன்றாக இருக்கிறவர்களும் பேதி மருந்து சாப்பிட்ட காலம் அது. உன் இனிமை திகட்டாமல் இருக்கவே கசப்பான சகவாசம் வைத்துக்கொண்டேன் என்று துரோகத்துக்குச் சாக்குச் சொல்கிறான் ஒருவன். சாக்கு கடைசியில் அவனையே கடிக்கிறது. ஆரோக்கியத்துக்கு மருந்து கொடுத்து உண்மையாகவே நோயாளியாகிவிட்டான், மருந்தே விஷமாகிவிட்டது.

படி 5: எதிர்மருந்தா, ஒத்த மருந்தா என்று கேளுங்கள்

கேலன் வழியில் சூட்டுக்குக் குளிர்ச்சி, வறட்சிக்கு ஈரம். 16-ஆம் நூற்றாண்டில் பாரசெல்சஸ் என்ற வைத்தியரின் வழிவந்தவர்கள் ஒத்ததை ஒத்ததால் தீர்க்கலாம் என்றார்கள். கவிதையில் ஒரு துயரத்துக்கு இன்னொரு துயரத்தை மருந்தாக்கினால் இந்த இரண்டாவது தர்க்கம் ஓடுகிறதா என்று பாருங்கள். 1671-ல் வந்த "சாம்சன் அகோனிஸ்டிஸ்" என்ற நாடகக் கவிதையின் முன்னுரையில் மில்டன் இதை வெளிப்படையாகவே சொல்கிறார்: மெலங்கலிக்கு மெலங்கலி குணமுள்ளது, புளிப்புக்குப் புளிப்பு, உப்புக்கு உப்பு. சோக நாடகம் பயத்தையும் இரக்கத்தையும் எழுப்பியே அவற்றைத் தணிக்கிறது என்பதற்கு அவர் காட்டும் ஆதாரம் இந்த மருந்து முறைதான்.

மில்டனிடம் இன்னொரு இடம். 1652-ல் முழுக்கக் குருடானவர், "பாரடைஸ் லாஸ்ட்" மூன்றாம் காண்டத்தில் தன் கண்ணைப் பற்றிப் பேசும்போது இரண்டு காரணங்களை வைக்கிறார்: கெட்டியான ‘டிராப் செரீன்’ அணைத்திருக்கலாம், அல்லது மங்கலான ‘சஃப்யூஷன்’ மூடியிருக்கலாம். கேட்க இனிமையாக இருக்கும் இரண்டும் கண் வைத்தியர்களின் லத்தீன் பெயர்களை ஆங்கிலமாக்கியவை. முதலாவதில் கண் பார்க்கத் தெளிவாக இருக்கும், பார்வை மட்டும் இருக்காது. இரண்டாவது கண்புரை. ஒளியை வாழ்த்திப் பாடும் பாட்டின் நடுவே தன் கேஸ் விவரத்தை வைத்திருக்கிறார், அதுவும் ‘அல்லது’ போட்டு. அப்புறம் பதினோராம் காண்டத்தில் ஆதாமின் கண்ணைத் தேவதூதர் மைக்கேல் கழுவுகிறார். ஐபிரைட் பூண்டு, சதாப்பு இலை, ஜீவ ஊற்றிலிருந்து மூன்று சொட்டு. முதல் இரண்டும் அன்றைய வீட்டு வைத்தியத்தில் கண்ணுக்குப் போட்ட மூலிகைகள்.

படி 6: உடம்பு எதன் வரைபடம்?

எட்மண்ட் ஸ்பென்சரின் "ஃபேரி குவீன்" இரண்டாம் புத்தகத்தில் அல்மாவின் கோட்டைக்குள் நுழைந்தால் அது மனித உடம்பு. வயிறுதான் சமையலறை, தலைமைச் சமையல்காரர் பெயர் கன்காக்‌ஷன், கணக்குப்பிள்ளை பெயர் டைஜெஷன். வேடிக்கையான இடம், ரொம்ப யோசிக்க வேண்டாம்.

டன் அப்படி இல்லை. 1611-ல் அவர் எழுதிய "ஆன் அனாடமி ஆஃப் தி வேர்ல்ட்", செத்துப்போன உலகத்தை அறுத்துப் பார்க்கும் கவிதை. எலிசபெத் ட்ரூரி என்ற சிறுமியின் மரணத்தோடு உலகமும் செத்துவிட்டதாம். முடிவை நெருங்கும்போது ஒரு நிபந்தனை சொல்கிறார்: பிணத்தை அறுக்கும்போது எல்லா உறுப்பையும் விளக்குகிற வரை பிணம் தாங்காது, அதனால் முக்கியமானதை மட்டும் சொல்வார்கள், நானும் அப்படித்தான், கேட்கிறவர்களுக்கு நாற்றமும் ஆகாது. லண்டனில் தூக்கிலிடப்பட்ட குற்றவாளிகளில் வருஷத்துக்கு நான்கு உடல்களைச் சர்ஜன்கள் சங்கம் எடுத்துக்கொள்ள 1540 சட்டம் அனுமதித்திருந்தது. பிணம் கெடுவதற்குள் பாடத்தை முடிக்க வேண்டிய அவசரம் அந்த அறைகளில் இருந்தது. கவிதையின் நீளத்துக்கே டன் அங்கிருந்து காரணம் எடுக்கிறார். உடம்பைப் பற்றிய ஒரு வரி கவிதையின் வடிவத்தையே தீர்மானிக்கிறதா என்று தேடுங்கள். இந்த வழிகாட்டியில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

1623 கடைசியில் டன்னே கடும் காய்ச்சலில் விழுந்தார். அப்போது அவர் லண்டன் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தின் டீன், அதாவது தலைமைக் குரு. அந்த நோயின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்றாக 23 தியானங்கள் எழுதி 1624-ல் அச்சிட்டார். தலையிலிருந்து ஆவியை இறக்கப் பாதத்தில் புறாக்களை வைத்துக் கட்டியதையும் விடவில்லை. அது உரைநடை. நோய்ப் படுக்கையில் எழுதிய துதிக் கவிதையில் வைத்தியர்கள் பூகோளக்காரர்களாகிவிடுகிறார்கள், அவர் படுக்கையில் விரித்த வரைபடம். குனிந்து ஆராய்ந்து தென்மேற்கே ஒரு வழி கண்டுபிடிக்கிறார்கள். காய்ச்சலின் ஜலசந்தி வழியே சாவுக்குப் போகும் வழி அது. தெற்கு சூடு, மேற்கு அஸ்தமனம். ஆனால் தட்டையான வரைபடத்தைச் சுருட்டினால் மேற்கு ஓரமும் கிழக்கு ஓரமும் ஒன்றாகும். அப்படித்தான் சாவு உயிர்த்தெழுதலைத் தொடுகிறது என்று முடிச்சுப் போடுகிறார். நோயாளி தட்டையாகப் படுத்திருப்பது என்ற சாதாரண விவரம்தான் முழு வாதத்தையும் தாங்குகிறது.

படி 7: இந்த இடங்களில் வழுக்கும்

இன்றைய அறிவைக் கவிதைக்குள் கொண்டுபோகாதீர்கள். இரத்தம் சுற்றிவருகிறது என்று வில்லியம் ஹார்வி அச்சிட்டது 1628-ல். அதற்கு முந்தைய கவிதையில் இதயம் ‘பம்ப்’ செய்யாது. தொற்று என்றால் கிருமி இல்லை, கெட்ட காற்று அல்லது பார்வை.

கவிதையை வைத்துக் கவிஞருக்கு நோய் கண்டுபிடிக்கும் வேலையும் வேண்டாம். டன்னின் அந்தத் துதியே 1623-ஆ, அவர் இறந்த 1631-ஆ என்று இன்னும் சர்ச்சை. ஹெர்பர்ட் "அஃப்லிக்‌ஷன்" கவிதையில் இரத்தக்குழாயெல்லாம் ஏக்யூ குடியிருக்கிறது என்கிறார், அவர் காசநோயில் 1633-ல் இறந்ததும் உண்மை. அந்த உண்மை கவிதையை விளக்கிவிடாது. மூச்சு முனகலாகச் சுருதி சேர்க்கப்படுகிறது என்று அங்கே ஓர் இசைச்சொல்லை வைக்கிறாரே, கேட்க வேண்டியது அதைத்தான். மனுஷர் ‘லூட்’ என்ற தந்தி வாத்தியம் வாசிப்பவர்.

வைத்தியரைக் கேலி செய்யும் வரிகளையும் வேறாகப் பிரியுங்கள். கட்டணத்தைத் தவிர வேறு நம்பிக்கையில்லாத கற்றுக்குட்டி டாக்டர் ஒருவர், 17-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ராபர்ட் ஹெரிக்கின் பிரார்த்தனைக் கவிதையில் வருகிறார். அது பழைய நகைச்சுவை, அதில் மருத்துவக் கொள்கை எதையும் தேட வேண்டியதில்லை.

படி 8: நீங்களே செய்து பாருங்கள்

ஆண்ட்ரூ மார்வெலின் "ஆன்மாவுக்கும் உடலுக்கும் ஓர் உரையாடல்" கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள், சின்னதுதான். பெரிய ஆங்கில அகராதியில் பழைய பொருள் பார்க்க முடிந்தால் பார்த்துக்கொண்டே படியுங்கள். உடல் தன் புகாரில், மருத்துவம் எட்டாத நோய்களை நீதான் எனக்குக் கற்றுக்கொடுத்தாய் என்று ஆன்மாவைச் சாடுகிறது: நம்பிக்கையின் தசைப்பிடிப்பு, பயத்தின் வாதநடுக்கம், காதலின் கொள்ளைநோய், வெறுப்பின் மறைபுண். நான்கையும் ஒரு தாளில் எழுதி, அந்த உணர்ச்சிக்கு ஏன் அந்த நோய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள். தசைப்பிடிப்பு இழுக்கும், நடுக்கம் உதறும், கொள்ளைநோய் சூடேற்றும், மறைபுண் உள்ளே தின்னும். அப்புறம் ஆன்மாவின் புகாருக்கு வாருங்கள். நோயைப் பொறுத்ததோடு போகவில்லை, அதைவிட மோசமான சிகிச்சையையும் பொறுக்க வேண்டியிருக்கிறது என்கிறது. துறைமுகம் சேரப்போகும் நேரத்தில் கப்பல் உடைந்து, மறுபடியும் ஆரோக்கியத்தில் கரை ஒதுங்குகிறேன் என்று புலம்புகிறது. இதையும் டன்னின் ஜலசந்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் நோய் ஒரு கடல் பயணம், இரண்டிலும் போய்ச் சேர வேண்டிய இடம் சாவு. ஒருவருக்குப் பிழைப்பது ஏன் விபத்தாகத் தெரிகிறது, இன்னொருவரின் பயணத்தில் ஏன் வைத்தியர்களும் கூட வருகிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.